மாத்திரைத் தோல்

கோகிலவாணி வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே தாமரைச்செல்வி விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். வீடு ஏற்கெனவே பெருக்கித்தான் கிடந்தது. ஆனால் ஓரகத்தியோடு பேச வேண்டுமென்றால் அவளுக்குக் கையில் ஏதாவது ஒரு பொருள் வேண்டும். நேருக்கு நேர் பேசி எட்டு வருஷம் ஆகிறதே.

அண்ணன் தம்பியைக் கட்டிய இரண்டு பேர். ஒரே வீடாக இருந்தது, நடுவில் சுவர் எழும்பி இப்போது இரண்டு வாசல். சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். கோகிலவாணியின் மகள் சடங்கில் முதல் சீர்த்தட்டை யார் தூக்குவது என்பதில் ஆரம்பித்தது. அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் அதில் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து ஜாடைப் பேச்சுதான். இவள் ஆட்டைத் திட்டுவாள், அவள் குழாயைத் திட்டுவாள். யார் காதில் விழ வேண்டுமோ அவள் காதில் சரியாக விழுந்துவிடும்.

போதாத காலம், வேடசந்தூர் வட்டாரத்துக்குக் காசநோய்ப் பணியாளர் கோகிலவாணி. நூல் மில்லில் வேலை பார்க்கும் தாமரைக்கு வந்ததும் காசநோய். விதிக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள்.

கோகிலவாணி உள்ளே வந்து நேராகச் சுவரில் இருந்த பெட்டியின் முன்னால் நின்றாள்.

“ஏன் பெட்டி, ஒரு வாரமா இருட்டாக் கெடக்கியே, ஒனக்கு ஊதுறதுக்கு ஆளில்லையா? ஆளு செத்துப்போச்சா, இல்ல கொழுப்பெடுத்துத் திரியுதா?”

“கேட்டியா விளக்கமாறே,” என்றாள் தாமரை. “கண்ட கண்ட நாயெல்லாம் மோப்பம் புடிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள வருது. ஒன்னைய வச்சு நாலு சாத்து சாத்துனாத்தான் சரிப்படும்போல.”

இந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் காசநோய் மாத்திரையைப் பணியாளர் எதிரில் நின்று முழுங்க வைப்பார்கள். அப்போதும் சிலர் நாக்குக்கடியில் ஒளித்துவைத்துத் துப்பிவிடுவார்கள். ஆறு மாதம் விடாமல் மாத்திரை தின்ன வேண்டிய நோயில், இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் ஜனங்கள் மாத்திரையையும் நிறுத்தினார்கள். படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். மாத்திரையின் சிவப்புத் தோலில் ஒரு வாசனைச் சுவடு சேர்த்தார்கள். முழுங்கினால் ஒரு பகல் ஒரு ராத்திரி மூச்சில் அது இருக்கும். மனுஷ மூக்குக்குத் தெரியாது, பெட்டிக்குத் தெரியும். காலையில் பெட்டியில் ஊதினால் பச்சை, அந்தப் பச்சை ஆபீசுக்குப் போய்ச் சேரும். வீட்டுக்குள் கேமரா வைக்கக் கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டதால் பெட்டிக்கு மூச்சு தெரியுமே தவிர முகம் தெரியாது. கெட்டிக்காரத்தனம்தான், சும்மா சொல்லக் கூடாது.

ஆனால் கெட்டிக்காரத்தனம் வைத்த இடத்தில் நிற்குமா? அந்த மூக்கு மலிவு விலைக்கு வந்ததும் மில்காரன் வாங்கினான், மண்டபக்காரன் வாங்கினான், பியூட்டி பார்லர்க்காரியும் வாங்கி வாசலில் மாட்டினாள். ஜனங்கள் அதற்கு மோப்பான் என்று பெயர் வைத்தார்கள். மோப்பான் கத்தினால் நோய், பச்சை காட்டினால் சுத்தம். எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள்.

கோகிலவாணி விடவில்லை. “பெட்டி, நீ படிச்ச பெட்டி. பாதியில நிறுத்துனா கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கும். அப்புறம் எந்த மாத்திரைக்கும் அசையாது. இதை நூறு தடவை சொல்லியும் நிறுத்துற ஆளை என்னான்னு சொல்றது?”

தாமரை விளக்குமாற்றை மூலையில் எறிந்தாள். ஊறவைத்த மொச்சைக் குண்டானை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு மொச்சையாகப் பிதுக்கித் தோலைத் தரையில் எறிந்தாள். வேலையா அது, யாரோ ஒருத்தியின் கழுத்தை நெரிக்கிற மாதிரிதான் இருந்தது.

“குண்டானே, நீயே நியாயம் சொல்லு. போன திங்கக்கிழமை கம்பெனி பஸ் கதவுல மோப்பானை மாட்டுனாங்க. எனக்கு முன்னாடி அமுதவள்ளி ஏறுனா. மாத்திரையை ஒழுங்காப் போட்டு இருமலே போயிருச்சு அவளுக்கு. மோப்பான் கத்துச்சு. நடுரோட்டுல இறக்கி விட்டாங்க. அவ தினமும் உக்கார்ற சீட்டை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுனாங்க. அவளுக்குப் பின்னாடி பஞ்சு அடிக்கிற புளோரூம் தங்கராசு ஏறுனான். இருமி இருமி அவன் கர்ச்சீப்பே செவந்து கெடக்கு. மாத்திரையைத் தொட்டதே இல்ல. அவனுக்குப் பச்சை காட்டுச்சு.”

அதற்குமேல் அவளால் குண்டானோடு பேச முடியவில்லை. நிமிர்ந்து கோகிலவாணியின் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

“அது நோயைக் கண்டுபுடிக்கல. மருந்தைக் கண்டுபுடிக்குது. மாத்திரை திங்கிறவ வெளிய, திங்காதவன் உள்ள. அன்னிக்கு ஏறாமலே திரும்பி வந்தவ நான். இப்ப என்ன செய்யணுங்குற?”

எட்டு வருஷத்தில் அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. கோகிலவாணி ஜாடையை விட்டாள்.

“தெரியும். மேல எழுதிப் போட்டேன். பெட்டிதான் நம்மளது, கதவு அவங்களதுன்னு பதில் வந்துச்சு.”

“அப்ப என்னைய விடு. இப்பத்தான் ஷிப்டு மேஸ்திரியாப் போட்டிருக்கான். இதை விட்டா எனக்கு வேற பொழப்பு இல்ல.”

“ஏற்கெனவே ஒரு வாரம் இருட்டு. இன்னும் ஒரே ஒரு நாள் இருட்டானாலும் வண்டி வந்து ஒன்னைய, பூட்டிவச்சு மருந்து குடுக்குற காப்பு வார்டுக்கு அள்ளிக்கிட்டுப் போயிரும். அப்ப மேஸ்திரி வேலை இருக்குமா?”

“போறேன். அங்கேயே சாகுறேன். ஒனக்கென்ன?”

“செத்துத் தொலை,” என்றாள் கோகிலவாணி. கொஞ்சமும் தயக்கம் இல்லை. “எனக்கென்ன வந்துச்சு? ஆனா நீ செத்தா எங் கொழுந்தன் மறுவருஷமே வேற ஒருத்தியக் கொண்டாருவான். அவ ஒம் புள்ள மித்ராவை எந் தலையில கட்டிருவா. ஒன்னைய மாதிரியே மொறைக்குற புள்ளைய நான் வளக்கணுமா? என்னால ஆகாது.”

பின்கட்டில் பல் குத்திக்கொண்டிருந்த தாமரையின் புருஷன் சசிக்குமார் இதைக் கேட்டுவிட்டு இருமினான். சும்மாதான். நான் இங்கே இல்லை என்று காட்டிக்கொள்கிற இருமல்.

கோகிலவாணியின் கண் தாமரையின் விரல்களிலேயே இருந்தது. மொச்சை பிதுங்குகிறது, தோல் தனியாக வருகிறது. பையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். கேட்காமல் கொள்ளாமல் குண்டானுக்குள் போட்டாள்.

“சோத்துல ஏன்டி மருந்தைப் போடுற?” என்று கத்தினாள் தாமரை.

கொஞ்ச நேரம் ஊறியதும் கோகிலவாணி அதை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பிதுக்கினாள். சிவப்புத் தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மருந்து தனியாக உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது.

“இதை நீ முழுங்கு. மோப்பானுக்குத் தெரியாது.”

தாமரைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அடுத்த கேள்வி வந்தது. “தோலை யாரும் முழுங்காட்டி பெட்டி இருட்டாயிருமே?”

“என்னையப் பாக்காதீங்க,” என்றான் சசிக்குமார் பின்கட்டிலிருந்து. “நானும் அதே மில் கேட்டுலதான் லோடு ஏத்துறேன்.”

“ஒன்னைய எவ கேட்டா?” என்றாள் கோகிலவாணி. தோலை வாயில் போட்டாள், சொம்புத் தண்ணீரைக் குடித்தாள். “காலையில வந்து நான் ஊதுறேன். எங்க டிபார்ட்மெண்டுக்கு பாஸ் இருக்கு. அட்டையைக் காட்டுனா மோப்பானை அமத்திருவாங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது.”

தாமரை மருந்தை முழுங்கினாள். நன்றி கின்றி எல்லாம் சொல்லவில்லை. கோகிலவாணி படியிறங்கியதும், “சொம்புல எச்சியப் பண்ணிட்டுப் போயிட்டா, கழுவணும்,” என்று விளக்குமாற்றிடம் சொன்னாள்.

மறுநாளிலிருந்து தினமும் இது நடந்தது. விடிந்ததும் கோகிலவாணி வருவாள். பெட்டியில் ஊதுவாள். பச்சை. மாத்திரையைப் பிதுக்கித் தோலைத் தான் முழுங்கிவிட்டு மருந்தைத் தட்டில் வைப்பாள். போகும்போது பெட்டியிடம் நாலு வார்த்தை சொல்லாமல் போகமாட்டாள். “வீட்டுல ஒட்டடையப் பாரு பெட்டி, மில்லுல மேஸ்திரியாம்.” தாமரையும் சளைத்தவளா? “சில பேரு வீட்டுல குழம்புன்னு வச்சா தெருவே மூக்கைப் பொத்துது, இங்க வந்து ஒட்டடை பாக்குறாங்க.” இப்படியே போனது. நடுவில் மருந்து மட்டும் தவறவில்லை.

மில் பஸ்ஸில் தாமரைக்குப் பச்சை. இருமல் போய்விட்டது. சாயங்காலமானால் எட்டிப் பார்க்கும் காய்ச்சல் போய்விட்டது. ஜாக்கெட் எல்லாம் இறுக்கமாகிவிட்டன.

கோகிலவாணியைப் பற்றித்தான் ஊரில் ஏதேதோ பேச்சு வந்தது. பஸ்ஸில் ஏறுவதே இல்லையாம், கிராமம் கிராமமாக வெயிலில் நடந்தே போகிறாளாம். “ஒடம்பைக் குறைக்குறா போல, கல்யாணத்துக்குப் போட்டோ நல்லா விழணும்ல,” என்று தாமரை மில்லில் சொல்லிச் சிரித்தாள். கூடப்பிறந்த அண்ணன் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கும் கோகிலவாணி போகவில்லை. திண்டுக்கல்லில் அது வாசலில் ஆள் வைத்த பெரிய அடுக்குமாடி. “திமிரு,” என்றாள் தாமரை. மகள் தன்ஷிகா கல்யாணத்துக்கு ஊரே ஏசி மண்டபம் பிடிக்கும்போது இவள் போய்ச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற பழைய தகரக் கொட்டகை மண்டபத்தைப் பிடித்தாள். “கஞ்சப்பிசினாறி,” என்றாள் தாமரை. அந்த மண்டபத்தில் மட்டும்தான் மோப்பான் கிடையாது என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. பாஸ் இருக்கிறவளைப் பற்றி யார் அப்படி யோசிப்பார்கள்?

கல்யாணத்தன்று காலையிலும் கோகிலவாணி பட்டுப்புடவையோடு வந்து ஊதிவிட்டுத்தான் போனாள்.

மாப்பிள்ளை ஒட்டன்சத்திரத்துக்காரன், பெயர் கிருத்திக். காய்கறி மண்டி வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளை கார் வந்து நின்றதும் பெண்வீட்டார் எல்லாரும் தட்டோடு தெருவுக்குப் போய் ஆலத்தி சுற்றினார்கள். அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அக்கா ஓவியா, பின்னால் வந்த வேனிலிருந்து இரண்டு கம்பிக் கால்களை இறக்கச் சொல்லி மண்டப வாசலில் நிறுத்தினாள். கழற்றி மாட்டுகிற மோப்பான்.

“யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல கைக்குழந்தை இருக்கு. இந்த மண்டபத்துல மோப்பான் இல்லைன்னாங்க, அதான் வாடகைக்கு எடுத்தாந்தோம்.”

முதலில் மாப்பிள்ளை போனான். பச்சை. தன்ஷிகா போனாள், பச்சை. அவள் அப்பா பால்ராஜ், பச்சை. தாமரை மூச்சைப் பிடித்துக்கொண்டு போனாள். பச்சை. அதற்குப் பின்னால் ஆலத்தித் தட்டோடு கோகிலவாணி காலை வைத்தாள். மோப்பான் தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறியது.

கூட்டம் பின்வாங்கியது. நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார்.

தாமரை அட்டைக்காகக் காத்திருந்தாள். இதோ இப்போது இடுப்புப் பையிலிருந்து எடுப்பாள், காட்டுவாள், அமர்த்தச் சொல்லுவாள். கோகிலவாணி கை எங்கேயும் போகவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். பாஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெயிலில் நடந்தது, அண்ணன் வீட்டுக்குப் போகாதது, இந்தத் தகரக் கொட்டகை, எல்லாம் ஒரே நேரத்தில் அவளுக்கு விளங்கியது.

“வேலை அப்படி,” என்றாள் கோகிலவாணி ஓவியாவிடம். “மாத்திரையை எடுத்துக் குடுக்கிறப்ப தூசி ஒட்டிக்கும்.”

“இருக்கலாம் அத்தை. ஆனா எங்களுக்கு எப்படித் தெரியும்?” ஓவியா மரியாதையாகத்தான் சொன்னாள். அந்த மரியாதைதான் பொறுக்க முடியவில்லை. “நீங்க இங்க இருந்தே பாருங்க. சித்தப்பா சித்தி தாரை வார்க்கட்டும், முறைதானே?”

தாமரை வாசலுக்குத் திரும்பி வந்தாள். வாயைத் திறப்பதற்குள் கோகிலவாணி அவள் முழங்கையைப் பிடித்துத் திருகினாள். உதடு அசையாமல் பேசினாள்.

“வாயத் தொறந்த, கொன்னுருவேன். பொண்ணு வீட்டுல டிபின்னு தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும். போ. போயி என் எடத்துல நில்லு. இதுக்குத்தான அலைஞ்ச?”

எந்தக் காலத்திலோ ஒரு தட்டுக்காக அலைந்தவள்தான். இன்றைக்கு அந்த இடம் நெருப்பாகச் சுட்டது. போய் நின்றாள்.

தாலிக்கு முன்னால் தாரை. சசிக்குமார் தன்ஷிகாவின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கைமேல் வைத்தான். தாமரை சொம்பைச் சாய்க்கப் போனாள். இரண்டு கையும் கொஞ்சம் விலகியிருந்ததால் மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து நேராக வைத்தாள்.

கை கொதித்தது.

ஓமத் தீயின் சூடாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பட்டுச் சட்டைக் கழுத்துக்கும் அவன் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகும். கன்னம் ஒட்டியிருந்தது. அப்போது அவனுக்கு இருமல் வந்தது. அவன் இருமவில்லை. உதட்டை இறுக்கி, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, வந்ததைத் தொண்டைக்குள்ளேயே விழுங்கி, செருமுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தமாக வெளியே விட்டான். அந்த வித்தை தாமரைக்கு நன்றாகத் தெரியும். மில்லில் அவள் வாரக்கணக்கில் செய்த வித்தை அது.

கெட்டிமேளத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த சத்தத்தில் அவள் குனிந்து கேட்டாள். “மாத்திரைய எப்ப நிறுத்துன?”

கிருத்திக்கின் முகம் சுண்டிப்போனது. மறுக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. “நிச்சயம் முடிஞ்சதும். மண்டபம் மண்டபமாப் போகணுமே, கத்திரும்ல? கல்யாணம் முடியட்டும் அத்தை, மறுபடி போட்டுக்கிறேன். எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. சொல்லிராதீங்க.”

அவளுக்கு இருந்த அதே பயம்தான். காரணம்கூட மாறவில்லை. இந்த இடத்தில் பெற்றவள் நின்றிருந்தால், அந்தக் கையைத் தொட்டிருந்தால், அந்த நிமிஷமே கண்டுபிடித்திருப்பாள். அவளைத்தான் வெளியே நிறுத்தியாகிவிட்டது.

தன்ஷிகா தலையைக் குனிந்து நின்றாள். அவள் கை அந்தக் கொதிக்கிற கையின்மேல் இருந்தது. அவளுக்கு வெட்கத்தில் எதுவும் தெரியவில்லை.

“சித்தி, தண்ணிய ஊத்துங்க,” என்றாள் ஓவியா.

தாமரைக்குப் பயம்தான், பொய் சொல்லக் கூடாது. மூன்றாவது வரிசையில் மில்லுக்காரிகள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்குக் காலையில் பஸ்ஸில் அவளோடு ஏறப்போகிறவர்கள். ஊற்றிவிட்டுப் பிறகு ரகசியமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. பிறகு என்றால் எப்போது? முதல் ராத்திரிக்குப் பிறகா, இந்தப் பெண் இருமத் தொடங்கிய பிறகா?

சொம்பைக் கீழே வைத்தாள். தன்ஷிகாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்குது. டிபி. மருந்தைப் பாதியில நிறுத்தியிருக்காரு. குணமாகட்டும், அப்புறம் தாலி கட்டட்டும்.”

மண்டபத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஓவியாவின் குரல்தான் மேலே வந்தது. “ஒங்க வீட்டு சீக்கை மறைக்க எந் தம்பி மேல பழி போடுறீங்களா? வாசல்ல எல்லாரும் பாத்தாங்கல்ல? மோப்பான் அவனுக்குப் பச்சை காட்டுச்சு.”

“எனக்கும் பச்சைதான் காட்டுச்சு,” என்றாள் தாமரை.

ஓவியாவுக்குப் புரியவில்லை.

“டிபிக்கு மருந்து திங்கிறவ நான். தோலை உரிச்சுட்டுத் திங்கிறேன். வெளிய நிக்கிறாளே, அவளுக்கு ஒரு சீக்கும் கிடையாது. என் மாத்திரைத் தோலைத் தின்னுட்டு நிக்கிறா.”

மூன்றாவது வரிசையில் நாலு முந்தானையும் மூக்குக்குப் போயின. மேடையிலிருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகினார்கள். அவளைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் காலியானது. சசிக்குமாரும் ஒரு அடி தள்ளித்தான் நின்றான், பாவி.

வாசலில் மோப்பான் அலறியது. கோகிலவாணி அதற்குள் புகுந்து வந்துகொண்டிருந்தாள். தடுக்க வந்தவனை ஆலத்தித் தட்டாலேயே தள்ளினாள். மேடையேறியதும் தாமரையின் தோளில் ஒரு இடி இடித்தாள்.

“கெடுத்துட்டியேடி. எம் புள்ள கல்யாணத்தைக் கெடுத்துட்டியே. ஒனக்கு நல்ல சாவு வருமா?”

“வராட்டிப் போகுது. மொதல்ல அவன் கையத் தொட்டுப் பாரு.”

கோகிலவாணி தொட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை. மற்ற கையால் அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். தாடைக்கடியில் தடவிப் பார்த்தாள். கிருத்திக்குக்கு மறுபடி இருமல் முட்டிக்கொண்டு வந்தது. ஊர் பார்க்கிறது, அக்கா பார்க்கிறாள், அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கோகிலவாணி அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். தினமும் வாசல் வாசலாகப் பேசுகிற அதே வேலைக் குரலில் பேசினாள்.

“அடக்காத. துண்டை வாய்க்கிட்ட வச்சுக்கிட்டு நல்லா இருமு.”